வட்டு உருவாகாத மேகம்

2023 அக்டோபர் 17, செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு, வானியல் ஆய்வுக்கூடத்தின் இரண்டாம் மாடியில், ஒரு வாயு மேகம் சுருங்கி விண்மீனாவதைக் கணினியில் நடத்திப் பார்த்த பெரிய கணக்கு முடிவுற்றது. விண்மீன் பிறந்தது, அதைச் சுற்றி உருவாகியிருக்க வேண்டிய வட்டு உருவாகவில்லை. கணக்கைத் திட்டமிட்ட ஆய்வாளரின் பதவி நீட்டிப்பைக் குறித்து முடிவுசெய்யும் குழு வெள்ளிக்கிழமை கூடவிருந்தது.

அவள் திரையை முறைத்துக்கொண்டிருந்தாள். சுழலும் மேகம் சுருங்கும்போது, சுழற்சி மிகுந்த வாயு நடுவில் விழ முடியாமல் வட்டாகப் படியும். பின்னாளில் கோள்கள் பிறப்பது அதிலிருந்துதான். ஆனால் மேகத்தினூடே செல்லும் காந்தப்புலம், இறுகக் கட்டிய கயிறுகளைப் போலச் சுழற்சியைப் பிடித்திழுக்கும். சுழற்சி போனால் வட்டும் போயிற்று. மேகம் கொந்தளித்தால் அக்கயிறுகள் சிக்குண்டு திசைமாறும், பிடி தளரும், வட்டு பிழைக்கும் என்பது அவளுடைய வாதம். சிறிய கணினியில் அவளே மேலோட்டமாகப் போட்ட கணக்கில் வட்டு வந்திருந்தது. பெரிய கணினியிலோ வாயு முழுவதும் நேரே நடுவில் போய் விழுந்திருந்தது.

நிரலை எழுதி அதை ஓட்டியவன் அவளுடைய உடன்பிறந்த தம்பி. அலமாரியில் புத்தகங்கள் உயரவரிசையில் நிற்காவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது.

"என்னக்கா, கணினியையே முழுங்கிடற மாதிரி பாக்கற?"

"உன்னைத்தான்டா முழுங்கணும். உள்ள என்னத்தப் போட்ட?"

"நீ குடுத்ததைத்தான். காந்தப்புலம் பாத்தாச்சு, நிறை பாத்தாச்சு, அலகு பாத்தாச்சு. இனிமே என் ரத்தத்தைத்தான் டெஸ்ட் பண்ணணும்."

புதன்கிழமை இப்படியே கரைந்தது. வியாழக்கிழமை துறைத் தலைவி வாசலில் வந்து நின்றார்.

"என்னம்மா, வட்டு வந்துதா? இல்ல, நீங்க ரெண்டு பேருந்தான் வட்டமடிக்கிறீங்களா?"

அவமானத்தில் அவளுக்குக் காது சூடேறியது. அதுவரை முடிவையே துருவிக்கொண்டிருந்தவளுக்கு அப்போதுதான் தொடக்கத்தைப் பார்க்கத் தோன்றியது.

"டேய், முதல் படத்தைப் போடு."

"அதுல என்ன இருக்கும்? வெறும் மேகந்தானே?"

"போடுன்னா போடு."

மேகம் பாத்திரத்து நீர்போல் அலையற்றுக் கிடந்தது. காந்தக் கோடுகள் படிய வாரிய தலைமுடியாக நேர்நேராக நின்றன.

"இது ஏன் இப்படித் தூங்குது? கொந்தளிப்பு எங்கடா?"

"எந்தக் கொந்தளிப்பு?"

"வாயுவுக்கு நான் குடுத்த வேகங்கள்! தாறுமாறா இருக்குமே!"

"'இரைச்சல்'னு ஒரு ஃபைலுக்குப் பேர் வெச்சிருந்தியே, அதுவா? அதை வடிகட்டிட்டேனே!" அவன் முகத்தில் பெருமை பொங்கியது. "எவ்வளவு அசிங்கமா இருந்துது தெரியுமா? உக்காந்து உக்காந்து வழவழன்னு ஆக்கினேன். நீ ஒரு வார்த்தை நல்லா சொல்லுவேன்னு பாத்தேன்."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"விளையாட்டா வெச்ச பேருடா அது!"

"இரைச்சல்னா யாராவது வேணும்னு வெச்சுக்குவாங்களா? விளையாட்டுன்னு பக்கத்துல எழுதியிருக்கலாம்ல?"

அந்தப் பதிலில் நியாயம் இருந்தது; அதுதான் அவளுக்கு மேலும் எரிச்சலூட்டியது. நிரல் எழுதுவோருக்கு இரைச்சல் என்பது நீக்கப்பட வேண்டிய ஒன்று. தான் ஒரு சொல்லை அலட்சியமாக வைத்ததையும், முதல் படத்தைத் திறக்காமலே இருந்ததையும் அவன் தலையில் கட்ட வழியில்லை.

வாசலில் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்த துறைத் தலைவி குரலைத் தாழ்த்தினார். "சின்னக் கணக்குல வந்த வட்டையே நாளைக்குக் காட்டிடேன். யார் நோண்டிப் பாக்கப்போறாங்க?"

"நுணுக்கமா போட்டா அது நிக்குமான்னு எனக்கே தெரியாது, மேடம். தெரியாததைத் தெரியும்னு சொல்லிட்டு நான் எங்க போய் முட்டிக்கிறது?"

"அப்போ வேலை?"

"போனா போகட்டும்" என்று அவள் சொல்லவில்லை. சொல்ல அவளுக்கு மனமும் இல்லை. அந்த வேலை அவளுக்கு வேண்டும். வெளியே போகும்போது கதவை மட்டும் சற்று ஓங்கிச் சாத்தினாள்.

வெள்ளிக்கிழமை நடந்ததை நடந்தபடியே குழுவிடம் கூறினாள். பின்வருமாறு முடிவாயிற்று: கொந்தளிப்பற்ற மேகத்தில், வலுவான காந்தப்புலம் வட்டை உருவாகவிடவில்லை என்பது மட்டுமே ஆய்வின் முடிவாகப் பதியப்படும். மிஞ்சிய கணினி நேரத்தில், கொந்தளிப்புள்ள மேகம் பாதி நுணுக்கத்தில் ஓட்டப்படும். அவள் கேட்ட இரண்டாண்டு நீட்டிப்பு மறுக்கப்பட்டு, ஆறு மாதம் மட்டும் வழங்கப்பட்டது. தம்பியை வேறு பணிக்கு மாற்றும் யோசனையை அவளே எதிர்த்ததால் அது கைவிடப்பட்டது.