இரண்டு மாதத்து ஈர்

1
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் என்னிடம் கேட்டது கதையே இல்லை. பிள்ளைகளின் தலைப்பேன் பற்றி அரைப்பக்கத் துண்டுப் பிரசுரம். 'ஈரத்தலையில் பேன் சீப்பு போட்டு வாருங்கள், மருந்து போட்டால் ஒரு வாரம் கழித்து மறுபடி போடுங்கள், வீட்டில் எல்லார் தலையையும் பாருங்கள்' என்று எழுதிக்கொண்டே வந்தேன். 'எல்லார் தலையையும்' என்ற இடத்தில் இரண்டாம் வகுப்பு டீச்சர் ஒருத்தி வந்து குறுக்கே உட்கார்ந்துவிட்டாள்.

2
டீச்சர் அன்று காலையில் ஒரே ஒரு தலையைத்தான் பார்த்தாள். பள்ளிக்கூடம் கூட்டும் அம்மாவின் மகள் தலை. பேன் ஓடியது.

"போ, கடைசி பெஞ்சுல தனியா உட்காரு. தலையைச் சுத்தமா வச்சுக்கத் தெரியாதா?"

(இந்த வசனத்தை மென்மையாக்கப் பார்த்தேன். அவள் விடவில்லை.)

அந்தப் பிள்ளைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த தன் மகள் தலையை அவள் பார்க்கவில்லை. டீச்சர் பிள்ளைக்குப் பேன் வருமா என்ன!

3
சாயங்காலம் மகள் தலையைச் சொறிந்தாள். டீச்சர் அவளை ஜன்னலோரம் உட்காரவைத்து முடியைப் பிரித்தாள். வேரை ஒட்டி ஈர். அது போகட்டும், விரல்கணு தூரம் தள்ளியும் வெறும் கூடுகள் ஒட்டியிருந்தன. பேன் ஈர் வைப்பது வேரோரம்தான். முடி வளர வளர அது வெளியே வரும். இவ்வளவு தூரம் வர இரண்டு மாதமாவது ஆகும்.

"அந்தப் பொண்ணு எப்போலேர்ந்து உன் பக்கத்துல உட்கார்றா?"

"போன வாரம்தாம்மா. நீதானே மாத்தி உட்காரவச்சே."

[பேனுக்கும் சுத்தத்துக்கும் சம்பந்தமில்லை, தலையோடு தலை ஒட்டினால் போதும் என்று பிரசுரத்தில் நான் எழுதியிருந்ததை டீச்சர் முன்னாடியே படித்திருந்தால்... வேண்டாம், விடுங்கள்.]

4
முடிவு ஒன்று: மகளுக்கு மருந்து போட்டுவிட்டு டீச்சர் வாயே திறப்பதில்லை. யாருக்கும் தெரியாது. (எனக்குத் தெரியுமே!)

முடிவு இரண்டு: வகுப்பின் முன்னால் மன்னிப்புக் கேட்கிறாள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. அவளுக்கு ஏது அவ்வளவு தைரியம்? கோடு போட்டு அடித்துவிட்டேன்.

5
மூன்றாவதை எழுத எனக்கு அவகாசம் கிடைக்கவில்லை. மறுநாள் முதல் மணி அடிக்குமுன்பே துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அந்த அம்மா வகுப்பு வாசலில் வந்து நின்றாள். கூடவே மகள். இடுப்பு வரை தொங்கிய பின்னலைக் காணோம். மொட்டைத் தலை.

"முடியையே எடுத்துட்டேன் டீச்சர். நேத்து பூரா அழுதுக்கிட்டே இருந்தா. இப்போ முன்னாடி உட்காரலாமா?"

டீச்சரின் மகள் முதல் பெஞ்சிலிருந்து பார்க்கிறாள். டீச்சர் வாயைத் திறக்கிறாள்.

எனக்கு ஆத்திரம்தான் வருகிறது, வார்த்தை வரவில்லை. அவள் என்ன சொல்லட்டும், நீங்களே சொல்லுங்கள். ஆற அமர யோசிக்காதீர்கள், பிள்ளை வாசலிலேயே நின்றுகொண்டிருக்கிறது.