சர்க்யூட்டின் கசிவு

ஓய்வுபெற்ற பதிவாளர் யாரிடமும் தலைகுனிந்து நின்றவர் அல்ல. சர்க்கரை நோயில் காலை இழந்த சொந்தத் தம்பியையே “நாக்கைக் கட்டத் தெரியாதவன்” என்று நாலு பேர் முன்னால் சொன்னவர். ஆகவே, தனக்கும் அதே நோய் வந்தபோது மாத்திரையை மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துக்கொண்டார். வீட்டில் மூச்சுவிடவில்லை.

மகனோ ஒரு கம்பெனியில் சர்க்கரை அளக்கும் சென்சார் செய்துகொண்டிருந்தான். கண்ணுக்குத் தெரியாத கார்பன் நுண்குழல்கள் பூசிய மெல்லிய ஊசி. அதன் தலையில் நகமளவு சர்க்யூட். பட்டன் பேட்டரி நெடுநாள் தாங்க வேண்டுமே, அதனால் அது பெரும்பாலும் தூங்கும். அவ்வப்போது விழித்து, உடம்புச் சர்க்கரை எழுப்பும் துளி மின்சாரத்தை அளந்துவிட்டு மறுபடி தூங்கிவிடும்.

“நோயில்லாத உடம்பு ஒண்ணு வேணும்பா. அதை வெச்சுத்தான் அளவைத் திருத்தணும்.”

“நம்ம வம்சத்து உடம்புக்கு என்னடா குறைச்சல்? ஒட்டு.”

“சித்தப்பாவைத் தவிரன்னு சொல்லுங்க.”

“அவன் பேச்சை எடுக்காதே.”

அளவு ஏறியே காட்டியது. மகன் யோசித்தான். “உங்களுக்குத்தான் சர்க்கரை கிடையாதே. அப்போ கூடுதலா வர்றது சர்க்யூட்டோட கசிவு. இவ்வளவு சின்ன மின்சாரத்துல சகஜம்தான். எல்லா அளவுலயும் அதைக் கழிச்சிட்டாப் போச்சு.”

பதிவாளர் கண்ணாடிக்கூட்டைச் சட்டைப்பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளினார்.

மருத்துவமனைச் சோதனையில் ஓர் அம்மாள் மயங்கி விழுந்தாள். சென்சார் எல்லாம் சரி என்றது. விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை எகிறிக் கிடந்தது. நல்லவேளை, பிழைத்துக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்து மகனின் கம்பெனித் தலைமைப் பொறியாளர் வீட்டுக்கே வந்துவிட்டார்.

“கசிவுன்னு எதை வெச்சு முடிவு பண்ணினீங்க?”

“அப்பா கையில ஒட்டிப் பாத்தேன், மேடம்.”

“அவருக்கு விரலைக் குத்திப் பாத்தீங்களா?”

“இல்ல. அவர் சொன்னார். எனக்கு அது போதும்.”

பொறியாளர் பதிவாளர் பக்கம் திரும்பினார். “நீங்களே சொல்லுங்க சார். உங்களுக்குச் சர்க்கரை இருக்கா?”

மகன் அப்பாவின் முகத்தையே பார்த்தான். பதிவாளர் முதுகை நிமிர்த்தினார். சட்டைப்பையில் கண்ணாடிக்கூடு கனத்தது.

“எங்க குடும்பத்துல பொய் பேசுற வழக்கம் இல்லம்மா.”

“அப்போ தப்பு உங்க பையனோட சர்க்யூட்லதான். இனிமே அவர் வேலைக்கு வர வேண்டாம்.”

அவர் போனதும் மகன் காபி போட்டுக் கொண்டுவந்தான்.

“நேத்தே எல்லாத்தையும் திரும்ப அளந்துட்டேன்பா. கழிச்சதையும் எடுத்துட்டேன். சர்க்யூட்ல கசிவே இல்ல.”

பதிவாளர் ஒரு வாய் குடித்தார். காபியில் சர்க்கரை போடவில்லை. ஏன் என்று அவர் கேட்கவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தபடியே கடைசிச் சொட்டுவரை குடித்து முடித்தார்.