மவுஸுக்கு வைத்த பொட்டு

பிரீத்திகா இடதுகைக்காரி. சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் ஆபீஸில் டிசைன் போடுகிறாள். சீசனில் தினமும் நாற்பது கடைக்காவது பெயரும் சாமி படமும் மாற்ற வேண்டும். இடது மணிக்கட்டு வீங்கிப்போய், "மவுஸை மாத்துங்க, இல்லேன்னா வேலையை மாத்துங்க" என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

மாற்றலாம்தான். கிடைக்க வேண்டுமே! கைக்கு வாட்டமாக வளைந்த மவுஸ் எல்லாமே வலது கைக்குச் செய்தது. இடதுகைக்காரர்கள் என்ன பாவம் செய்தார்களோ. மூன்று வாரம் போனைத் தேய்த்து, கடைசியில் வீடியோ கேம் ஆடுகிறவர்களுக்கான ஒன்றைக் கண்டுபிடித்தாள். பக்கத் தகடுகளைக் கழற்றி இடம் மாற்றலாம், கட்டைவிரலுக்கு உயரம் கூட்டலாம், ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு வேலை ஒதுக்கலாம். "வெளையாட்டுச் சாமானா தாயி?" என்று ஒரு வாரம் இழுத்தடித்துத்தான் முதலாளி சீனிவாசகம் ஆர்டர் போட்டார்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் மவுஸ் வந்தது. தகடுகளை மாற்றி மாற்றிப் பொருத்தி, சாயங்காலம் வரை வேலை பார்த்தாள். வலி தெரியவே இல்லை. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

பூஜையன்று கம்ப்யூட்டரையெல்லாம் ஆன் செய்து வைத்துவிட்டு, மிஷின் முதல் கத்தரிக்கோல் வரை முதலாளியே சந்தனம் குங்குமம் வைத்தார். அன்று யாரும் எதையும் தொடக்கூடாது. மறுநாள் காலை பிரீத்திகா மவுஸை நகர்த்தினால், திரையில் அம்பு அசைய மாட்டேன் என்கிறது. புரட்டிப் பார்த்தாள். சென்சார் கண்ணில் சந்தனம் காய்ந்திருந்தது, அதன்மேல் குங்குமம்.

"அண்ணாச்சி, இதுல எதுக்கு வச்சீக?"

"மேல பூரா பட்டனா இருந்துச்சு. கீள செவப்பா வெளக்கு எரிஞ்சுச்சு, அதான் மொகம்னு நெனச்சேன். இங்கன கொண்டா, எடுத்துத் தாரேன்."

"வேண்டாம் அண்ணாச்சி" என்று அவள் எழுவதற்குள், மேசையில் கிடந்த ஊக்கால் குடைந்து எடுத்துவிட்டார். "பாரு, எம்புட்டுச் சுத்தமா இருக்கு!"

சுத்தமாகத்தான் இருந்தது. லென்ஸ் முழுக்கக் கீறல். நகர்த்தினால் அம்பு திரையின் மூலைக்குத் தாவியது. கத்த வேண்டும்போல இருந்தது. இத்தனை ஆசையாகப் பொட்டு வைத்தவரிடம் என்ன சொல்லிக் கத்துவது? அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

"சீசன் முடியட்டும் தாயி, வேற வாங்கிருவோம்" என்று பழைய மவுஸை எடுத்து நீட்டினார். அதற்கு மட்டும் பொட்டை முதுகில் சரியாக வைத்திருந்தார்.

முதல் வேலை, அடுத்த வருடக் காலண்டரில் பண்டிகை நாட்களைச் சிவப்பாக்குவது. ஆயுத பூஜைக் கட்டத்தை அழுத்தியபோது மணிக்கட்டு சுள்ளென்றது. அடுத்த தடவை முந்தின நாளே மவுஸை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட வேண்டும் என்று நினைத்தவள், தூக்கிப்போக மவுஸ் எங்கே இருக்கிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த கட்டத்தை அழுத்தினாள்.