தையலக்கா வீட்டின் மேல் ஒரு சிவப்புப் புள்ளி

இன்னும் கொஞ்சம் நெருங்கி வாருங்கள், என் கண்ணுகளா. மின்விசிறியைக் குறைத்துவிடுங்கள், என் குரல் இப்போதெல்லாம் காற்றோடு மல்லுக்கட்டுவதில்லை. கையிலிருக்கும் பேசியைக் கவிழ்த்து வையுங்கள். உங்களுக்கு ஒரு புள்ளியின் கதை சொல்கிறேன். கடுகளவுப் புள்ளிதான், ஆனால் ஒரு குடும்பத்தையே அசைத்துப் பார்த்தது.

அந்தப் புள்ளி ஒரு கட்டடத்தின் தரைத்தளத்தில், இரண்டு அறை வீடு ஒன்றின் தலைமேல் உட்கார்ந்திருந்தது. வெறுங்கண்ணுக்குத் தெரியாது. ஊரார் கைப்பேசியில் இருக்கும் வரைபடத்தில் மட்டும் சிவப்பாகத் தெரியும். அந்த வளாகத்தில் அது போக நாற்பது வீடுகள். நாற்பதுக்கும் வாசல் பின்தெருவில். வரைபடம் வரைந்த மகராசன் யாரோ, நாற்பது வீட்டுக்கும் சேர்த்து ஒரே புள்ளியை, முன்தெருவைப் பார்த்துத் தனியாகத் திறக்கும் தையலக்காவின் கதவின்மேல் குத்திவிட்டான்.

அப்புறம் கேட்க வேண்டுமா? யார் எதை வாங்கினாலும் அது முதலில் தையலக்கா வீட்டுக்குத்தான் வரும். நாலாம் மாடியின் பூனைத் தீனி, இரண்டாம் மாடியின் காற்றாடி, யாருடையது என்றே தெரியாத ஆளுயரக் கண்ணாடி. பொட்டலம் கொண்டுவருகிற எல்லாரும் அவள் வீட்டு அழைப்பு மணியை அழுத்துவார்கள். மணி என்றால் மணியா அது? மின்சாரக் குருவி. ஒருமுறை தொட்டால் பதினோரு தடவை கீச்சிடும், நடுவில் நிறுத்த வழியே கிடையாது. விற்றவன் அதையும் ஒரு வசதியென்று சொல்லித்தான் விற்றிருந்தான்.

தையலக்கா அந்த வீட்டு முன்னறையில் துணி திருத்திக் கொடுப்பவள். நீளமானதைக் குட்டையாக்குவாள், இறுக்கமானதை விடுவிப்பாள். உடம்புக்குத் துணி பொருந்தாத ஊரில் அவளுக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. வாசலருகே கைப்பிடி வைத்த நாற்காலியில் அவள் கணவர் உட்கார்ந்திருப்பார். முப்பத்தோரு வருஷம் நகரப் பேருந்து ஓட்டியவர். வளாகத்தில் எல்லாருக்கும் அவர் ஓட்டுநர் ஐயா. எட்டு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்தது. கால் தேறியது, கை தேறியது. பேச்சு மட்டும் இறங்குமிடம் தெரியாமல் எங்கோ போய்விட்டது.

"வார்த்தையெல்லாம் உள்ளேதாம்மா இருக்கு, வர்ற வழியிலதான் நெரிசல்" என்றார் பேச்சுப் பயிற்சி தரும் டாக்டர்.

தையலக்காவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அவர் தன்னிடம் ஒரு வாக்கியம், ஒரே ஒரு முழு வாக்கியம் பேசவேண்டும். அதற்காக அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவர் முகத்தையே பார்த்திருந்தாள். அவர் வாய் லேசாகத் திறந்தாலே "தண்ணியா?" என்று தம்ளரோடு நிற்பாள். முதுகைத் தொட்டால் "வலிக்குதா?" என்று தைலம். புருவம் சுருங்கினால் "வெளிச்சம் கூசுதா?" என்று திரை. அவர் பெருமூச்சு விட்டுத் தண்ணீரைக் குடிப்பார், முதுகைக் காட்டுவார், இருட்டில் உட்கார்ந்திருப்பார். எட்டு மாதமும் "ம்" என்பதைத் தாண்டி ஒன்றும் வரவில்லை.

குருவிச் சத்தம் அவரை அலைக்கழிக்கும் என்று பயந்து அவள் வரைபட நிறுவனத்துக்குப் புகார் செய்தாள். ஒன்றை அழுத்து, நான்கை அழுத்து, மறுபடி ஒன்றை அழுத்து. "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியமானது" என்று சொல்லிவிட்டுப் புல்லாங்குழல் வாசித்தார்கள். அந்தக் குழலைக் கேட்டபடியே மூன்று கால்சட்டைக்கு மடிப்புத் தைத்து முடித்தாள். புகாரை ஒரு வழியாகப் பதிந்துகொண்டார்கள். பதில் மட்டும் வரவில்லை.

ஒரு பிற்பகல். மேல்மாடிச் சலவை இயந்திரத்தின் முனகல் சுவரெல்லாம் இறங்கி, வீடே தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல இருந்தது. ஒரு பெண்ணின் பாவாடை ஓரத்தை மடித்துக்கொண்டு தையலக்கா தரையில் மண்டியிட்டிருந்தாள். உதடுகளுக்கு நடுவே ஆறு குண்டூசி. குருவி கீச்சிட்டது. மஞ்சள் தலைக்கவசம் போட்ட ஒரு பொட்டலக்காரப் பெண் வாசலில் எட்டிப் பார்த்தாள்.

"ஐயா, மூணாவது மாடி எப்படிப் போறது? ஃபோன் இங்கதான்னு அடம் பிடிக்குது."

தையலக்காவால் பேச முடியவில்லை, வாய் நிறைய ஊசி. அந்தப் பெண் அவசரப்படாமல் கதவில் சாய்ந்து நின்றாள். நிமிஷங்கள் பஞ்சுபோல மெல்ல உதிர்ந்தன.

"பின்... னாடி" என்றார் ஓட்டுநர். "ப... பச்சைக் கேட்டு."

"அடேங்கப்பா, மேப்பை விட நீங்க தெளிவு!" என்று சிரித்துவிட்டு அவள் போனாள்.

தையலக்கா ஊசிகளைத் துப்பிவிட்டு ஓடிவந்தாள். "என்னங்க! பேசிட்டீங்க! என்ன சொன்னீங்க, பச்சைக் கேட்டா, இன்னொரு வாட்டி சொல்லுங்க, பின்னாடின்னு சொன்னீங்கல்ல?"

அவர் வாயை மூடிக்கொண்டார்.

அன்றிலிருந்து அவள் தையல் இயந்திரத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்து காது கொடுத்தாள். வருகிறவர்களிடமெல்லாம் அவர் பேசினார். முதலில் இரண்டு வார்த்தை, பத்து நாளில் நாலு வார்த்தை. "லிஃப்ட்டு... ரிப்பேரு. படியில... போ." பேருந்தை மெல்ல நிறுத்தி மெல்ல எடுப்பதுபோல ஒவ்வொரு சொல்லாக வரும். அவள் அருகே போனால் மட்டும் வண்டி நின்றுவிடும். சந்தோஷம் ஒரு கண்ணிலும் வருத்தம் ஒரு கண்ணிலுமாக அவள் தைத்தாள். போகிற வருகிறவர்களுக்கெல்லாம் கொட்டிக்கொடுக்கிற மனுஷர், முப்பது வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு ஒன்று கிள்ளிக் கொடுக்கக் கூடாதா? ஒருநாள் மதியத் தூக்கத்தில் அந்தச் சிவப்புப் புள்ளி கூரை வழியாக இறங்கி வந்து, அவர் மடியில் ஒரு பழம்போல உருள்வதாகக் கனவு கண்டாள். கைநீட்டினாள். எட்டவில்லை.

அப்போது பார்த்துத்தான் நிறுவனத்திலிருந்து செய்தி வந்தது. "உங்கள் புகார் பரிசீலிக்கப்பட்டது. புள்ளி இருக்கவேண்டிய இடத்தை இன்று மாலைக்குள் எழுதி அனுப்பவும்."

தையலக்கா அதை இரண்டு தடவை படித்தாள். புள்ளி நகர்ந்தால் குருவி கூவாது. குருவி கூவாவிட்டால் யாரும் வரமாட்டார்கள். யாரும் வராவிட்டால் இந்த நாலு வார்த்தையும் போய்விடும். தன்னிடம் பேசாவிட்டாலும் தொலைகிறது, காதில் விழுந்தால் போதும் என்று முடிவு செய்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பதில் எழுத உட்கார்ந்தாள். புள்ளி அங்கேயே இருக்கட்டும் என்று எழுதவேண்டும், அவ்வளவுதான்.

"புள்ளி" என்று அடித்தாள். கைப்பேசி தானாக "விவரம்" என்று சேர்த்தது. அழித்தாள். "புள்ளி அங்கேயே" என்றாள். "சந்திப்போம்" என்றது. அழித்தாள். "இரு" என்பதற்குள் "இருமல் மருந்து" என்று நீட்டியது.

"ஏ, சனியனே! நான் ஒண்ணு சொல்ல வந்தா முழுசாச் சொல்ல விடறியா? முடிக்கறதுக்குள்ள உனக்கு என்ன அவசரம்? நான் என்ன நெனைக்கறேன்னு உனக்கு எப்படித் தெரியும்? பெரிய இவ மாதிரி முந்திக்கிட்டு!"

பின்னாலிருந்து ஒரு சத்தம். ஏதோ கொதிக்கிறது என்று நினைத்துத் திரும்பினாள். ஓட்டுநர் சிரித்துக்கொண்டிருந்தார். தோள் குலுங்க, கண்ணில் நீர் வர. சிரிப்பு தேய்ந்ததும் இடது கையை உயர்த்தி, விரலை அவளை நோக்கி நீட்டி, ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

"என்ன, தண்ணி..." என்று எழுந்தவள், வாயில் பாதி வார்த்தையோடு அப்படியே நின்றாள்.

கையிலிருந்த பேசியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். முகம் காது வரை சூடேறியது.

ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரில் உட்கார்ந்து, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். அவர் வாய் திறந்தது, மூடியது. அவள் நாக்கின் நுனியில் நாற்பது கேள்வி வந்து நின்றது, பல்லைக் கடித்தாள். மேலே சலவை இயந்திரம் சுற்றி ஓய்ந்தது. ஜன்னல் வெளிச்சம் நூல்கண்டுகள்மேல் ஊர்ந்து, சிவப்பைத் தொட்டு, நீலத்தைத் தொட்டு, தரையில் இறங்கியது. எந்த ஊர், எந்த வருஷம் என்பதே மறந்துபோகும் அளவுக்கு நீண்ட பொழுது அது. குருவி பதினோரு தடவை கீச்சிட்டது. அவள் எழவில்லை.

"இந்த... நாற்காலி" என்றார் அவர்.

அவள் மூச்சுகூட விடவில்லை.

"திருகாணி... குத்துது. எட்டு மாசமா."

"ஐயோ!"

"சொல்ல... வந்தா... தண்ணி. காட்டினா... தைலம்." கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கினார். "குளமே... குடிச்சிட்டேன்டி."

தையலக்கா அழுதாளா சிரித்தாளா என்று அவளுக்கே தெரியாது. திருப்புளியை எடுத்துவந்து, நாற்காலி முதுகில் துருத்திக்கொண்டிருந்த அந்தப் பாழாய்ப்போன திருகாணியைக் கழற்றி எறிந்தாள். பிறகு பேசியை எடுத்துக்கொண்டு மறுபடி முக்காலியில் உட்கார்ந்தாள்.

"புள்ளி இங்கயே இருக்கட்டும்னு எழுதறேங்க. நாலு பேர் வந்தா..." நாக்கைக் கடித்துக்கொண்டாள். "நீங்க சொல்லுங்க. நான் வாயே திறக்கல."

"தப்பான... ஸ்டாப்புல... ஆளை இறக்கறது... தப்பு. பாவம்... பொட்டி தூக்கிட்டு... சுத்தறாங்க. மாத்தச் சொல்லு."

"அப்புறம் நீங்க யார்கிட்டப் பேசுவீங்க?"

"நீ... இருக்கியே. எட்டு மாசம்... சேந்து கெடக்கு. திட்டு மட்டுமே... நெறைய."

அவர் சொல்லச் சொல்ல அவள் அடித்தாள். பின்தெரு. இரண்டாவது வாசல். பச்சைக் கேட்டு. தபால்பெட்டிக்குப் பக்கத்தில். ஒவ்வொரு சொல்லுக்கும் கைப்பேசி முந்திக்கொண்டு மூன்று சொல்லை நீட்டியது. அவள் கண்டுகொள்ளவே இல்லை. நாலு வரி எழுத முக்கால் மணி நேரமானது. அனுப்பியபோது தெருவில் வெயில் தேன்நிறமாகியிருந்தது. அவர் அடுத்த வார்த்தைக்கு வாய் குவித்துக்கொண்டிருந்தார். அது எதுவாக இருக்கும் என்று அவளுக்குத் துளியும் தெரியவில்லை. தெரிந்துகொள்ள அவசரமும் இல்லை.

என் கண்ணுகளா, உங்கள் வீட்டிலும் சொல்ல வருகிறவருக்கு நேரம் வாய்க்கட்டும், கேட்கிறவருக்குப் பொறுமை வாய்க்கட்டும். தண்ணீர் தாகத்துக்கு மட்டும் வரட்டும். உங்கள் வாசலில் ஒளி நிற்கட்டும், உள்ளே பேச்சும் சிரிப்பும் ஓயாமல் புழங்கட்டும். நன்றாக இருங்கள்.