ஒரு கொப்பு கேட்ட கதை

1

மதுரைக்காரனிடம் சொல்லக்கூடாத சொல் ஒன்று உண்டு. பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் அதைச் சொல்லிவிட்டார்: "உங்க பக்கம் ஏதுங்க மரம்? வெறும் பொட்டலாச்சே!" எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் இந்தக் கதை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: உசிலம்பட்டிக்கு மேற்கே, கோயில்காட்டின் நடுவே கம்பீரமாக நிற்கும் அந்த மரத்தின் பெயர்—

(அடித்துவிட்டேன். பெயரைச் சொன்னால் அரிவாளோடு ஆள் கிளம்பிவிடும். ஊர்ப் பெயரும் கிடையாது, கேட்காதீர்கள்.)

2

வருடம் 1983. ஸ்யாமளா மதுரையில் ஒரு கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுப்பவள். அழிந்துவரும் மரங்களைத் தேடி டவுன் பஸ்ஸில் ஊர் ஊராக அலைகிறவள். இந்த மரம் சமவெளியில் அற்றுப்போனது என்று புத்தகங்கள் சாதித்தன. அவளோ அதைக் கண்டுபிடித்துவிட்டாள், அதுவும் பூத்துக் குலுங்கும்போது! சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

ஆனால் கண்ணால் கண்டேன் என்றால் அரசாங்க மேலிடம் நம்பாது. பூவோடு ஒரு கொப்பை ஒடித்துக் காயவைத்து அனுப்ப வேண்டும். அவர்கள் நம்பினால்தான், காட்டை ஒட்டிய குன்றை உடைக்க வரும் கல்குவாரியை நிறுத்த முடியும்.

காட்டைப் பார்த்துக்கொள்ளும் ஒச்சாயி குறுக்கே நின்றாள்.

"சாமி காட்டுல சுள்ளி பொறக்குனாலே குத்தம், டீச்சர். பச்சக் கொப்பையா ஒடிக்கப் போறீக?"

"ஒரே ஒரு கொப்புதான்க்கா. இல்லேன்னா காடே மிஞ்சாது."

"இன்னைக்கு உங்களுக்கு விட்டா, நாளைக்கு ஊரே அருவாளோட வந்து நிக்கும். அப்புறம் காடு மட்டும் மிஞ்சுமாக்கும்?"

ஸ்யாமளா பூத்து நின்ற மரத்தை அண்ணாந்து பார்த்தாள். புத்தகங்கள் தொலைத்துவிட்ட மரத்தை இந்தப் பிடிவாதம்தானே காப்பாற்றி வைத்திருக்கிறது!

(எனக்கு இங்கே பேனா நின்றுவிட்டது. உதிர்ந்த பூவை எடுத்தால் என்ன என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. அங்கே விழுந்தது அங்கேயே மக்க வேண்டும். அதுதான் அந்தக் காட்டுச் சட்டம்.)

3

பூக்கட்டிப் பார்த்துவிடலாம் என்றது ஊர். சாமி முன்னால் இரண்டு பொட்டலம். வெள்ளைப் பூ வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் இல்லை. எடுப்பவர் எந்தப் பக்கமும் சாராதவராக இருக்க வேண்டும்.

(ஒரு பிரதியில் காற்றடித்து, கொப்பு தானாக ஸ்யாமளாவின் மடியில் விழுந்தது. சீ, சினிமா! கிழித்துப் போட்டேன்.)

பொட்டலம் எடுக்குமுன் ஸ்யாமளா தன் கத்தியை ஒச்சாயியிடம் நீட்டினாள். "வெள்ளை வந்தா நீங்களே ஒடிச்சுக் குடுங்கக்கா. என் கை படவேண்டாம்."

"செவப்பு வந்தா?"

"கொப்பு அங்க போகாது. ஆபீசர் இங்க வரட்டும். நான் கையப் பிடிச்சு இழுத்துட்டாவது வாரேன்."

ஒச்சாயி கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு சிரித்தாள். "கூட்டி வாங்க. செருப்பக் கழட்டிட்டு வரச் சொல்லுங்க."

4

எந்தப் பூ வந்தது? அதை நான் எழுதப்போவதில்லை. எது வந்தாலும் இந்த இரண்டு பெண்களை நினைத்து என் நெஞ்சு நிமிர்ந்துதான் நிற்கும். பொட்டல் என்று சொன்ன அந்தப் பக்கத்து இருக்கைக்காரர் எங்கிருந்தாலும் இதைப் படிக்கட்டும்.

நான் இவர்கள் பக்கம் சாய்ந்துவிட்டேன், எடுக்கும் தகுதி எனக்கில்லை. நீங்கள் வெளியூர். பொட்டலங்கள் இதோ, உங்கள் முன்னால்.

முதலில் செருப்பைக் கழற்றுங்கள்.