தளம் போட்ட நாள்

கேமராப் படங்களைப் பதியும் டிவிஆர் பெட்டி விடாமல் கத்திக்கொண்டிருந்தது. சோபியா அதைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு முதல் திருகைக் கழற்றினாள். காலை ஆறேகால் ஆகியிருந்தது. கலவை மெஷினை இழுத்து வந்த டிராக்டர் பின்தெருவில் திரும்பும் சத்தம் கேட்டது. ஏழு மணிக்குக் காங்கிரீட் போடத் தொடங்கிவிடுவார்கள்.

"இன்னாத்துக்கு அது இந்தக் கூவு கூவுது?" என்று கேட்டார் கட்டிலில் மூன்று தலையணைகளில் சாய்ந்திருந்த அவள் அப்பா முனிரத்தினம். மூக்கில் ஆக்சிஜன் குழாய் இருந்தது. ஒரு வாக்கியம் பேசினால் இரண்டு மூச்சு ஓய்வு வேண்டும்.

"உள்ள ஹார்ட் டிஸ்க் இல்லன்னு சொல்லுது நைனா. படம் தெரியும். பதிவாவாது, அவ்ளோதான்."

"பதியணும்."

"நீ பாக்கறதுக்குத்தான வெக்கிறோம். பதிஞ்சி இன்னா பண்ணப் போறோம்?"

அவர் கையை உயர்த்தி, கொஞ்சம் இரு என்று காட்டினார். மூச்சு வந்ததும் சொன்னார். "காங்கிரீட் மூடிட்டா உள்ள இன்னா கம்பி கீது, எப்டி கட்டிகீதுன்னு அப்பறம் எவனுக்கும் தெரியாது. முப்பத்தஞ்சு வருசம் நான் கட்டுனது எல்லாமே மூடித்தான் கீது. இது ஒண்ணாவது தெரியட்டும்."

சோபியா மூடியைத் தூக்கினாள். ஹார்ட் டிஸ்கின் மெல்லிய சிவப்பு வயர் பிளக்கிலிருந்து பாதி கழன்றிருந்தது. வண்டியில் கொண்டுவந்தபோது குலுங்கியிருக்கும். அதை அழுத்திச் செருகி, பெட்டியை மூடி, கரண்ட் கொடுத்தாள். சத்தம் நின்றது. மவுசைப் பிடித்து மெனுவைத் திறந்து, டிஸ்கை ஃபார்மேட் செய்தாள். தேதி இரண்டாயிரமாவது வருடத்தில் நின்றிருந்தது. கைபேசியைப் பார்த்து நாளையும் மணியையும் சரிசெய்தாள். திரையின் மூலையில் சின்னச் சிவப்புப் புள்ளி வந்தது.

"பதியுது," என்றாள்.

அவள் உத்திரமேரூர் பஜாரில் ஒரு கேமரா கடையில் ஆறு வருடமாக வேலை செய்கிறாள். ரைஸ்மில், பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம் என்று சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ சுவர்களில் ஏணி போட்டு ஏறியிருக்கிறாள். சொந்த வீட்டுக்குக் கேமரா தேவைப்படும் என்று நினைத்ததில்லை. முனிரத்தினத்தின் நுரையீரல் முடிந்துவிட்டது, வீட்டுக்கு அழைத்துப்போய் ஆசைப்பட்டதைக் கொடுங்கள் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லி ஒரு மாதம் ஆகிறது. அவர் ஆசைப்பட்டது ஒன்றுதான். ஊரெல்லாம் வீடு கட்டிய கொத்தனாருக்கு, தன் வீட்டுக்கு மேல்தளம் போடுவதைப் பார்க்க வேண்டும். புது வீடு பின்தெருவில்தான். ஆனால் கட்டிலை விட்டு இறக்கினாலே உதடு நீலமாகிவிடுகிறது. அந்தச் சிமெண்டுப் புழுதியில் அவரை எப்படி உட்கார வைப்பது? ரைஸ்மில்காரர் மாற்றிக்கொண்ட பழைய பெட்டி ஒன்றும் இரண்டு கேமராவும் கடையில் சும்மா கிடந்தன. முதலாளியிடம் கேட்டாள். எடுத்துக்கொண்டு போ என்றார்.

ஒரு ரோல் கேபிள் தொண்ணூறு மீட்டர். புளியமரத்தைச் சுற்றி, இரண்டு கூரைகளைத் தாண்டி இழுத்தபோது மிச்சம் ஒரு முழம் இருந்தது. அத்தனை தூரத்துக்கு இங்கிருந்து கரண்ட் அனுப்பினால் படம் நடுங்கும் என்பதால், கேமராக்களுக்குப் புது வீட்டின் எதிர்வீட்டுச் சிட்டம்மாளிடமிருந்து கரண்ட் எடுத்திருந்தாள். ஒரு கேமரா சிட்டம்மாள் வீட்டு மாடியிலிருந்து தளம் முழுவதையும் பார்த்தது. இன்னொன்று கீழே வேப்பமரத்தடியில், கலவை மெஷின் நிற்கும் இடத்தைப் பார்த்தது.

திரையில் படம் வந்ததும் முனிரத்தினம் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார். கட்டி முடித்த கம்பிகள் கட்டம் கட்டமாக, காலை வெளிச்சத்தில் தெரிந்தன. சோபியா மவுசை அவர் கையில் வைத்து, இடது பொத்தானை இரண்டு முறை தட்டினால் ஒரு படம் திரை முழுக்க வரும், மறுபடி தட்டினால் இரண்டும் வரும் என்று காட்டினாள். கரணை பிடித்து உரமேறிய விரலுக்கு அந்த வேகம் வரவில்லை. ஏழெட்டுத் தடவை தட்டி, ஒரு தடவை வந்துவிட்டபோது பல்லைக் காட்டிச் சிரித்தார்.

அப்போதுதான் வசந்த்குமார் ஓடி வந்தான். சோபியாவின் தம்பி. தளம் போட வந்த செங்கேணி மேஸ்திரி கேமராவைப் பார்த்துவிட்டாராம். வேலையைத் தொடங்க மாட்டேன் என்று மணல் குவியல்மேல் போய் உட்கார்ந்துவிட்டாராம்.

சோபியா போய்ப் பார்த்தாள். செங்கேணி நிமிரவில்லை. முனிரத்தினத்தோடு இருபது வருடம் ஒன்றாகச் சாரம் ஏறியவர். அவளைத் தோளில் தூக்கி வளர்த்த மாமா.

"ரைஸ்மில்லுல மூட்ட திருடுறவன புடிக்கத்தான கேமரா வெப்பாங்க?" என்றார். "நான் இன்னா திருடினேன் உங்க நைனாகிட்ட?"

அவள் விளக்கிப் பார்த்தாள். அவர் காதில் வாங்கவில்லை. கடைசியில், ஒரு நிமிடம் வந்து நைனாவைப் பார்த்துவிட்டு அப்புறம் கழற்றச் சொல்லுங்கள், நானே கழற்றுகிறேன் என்றாள்.

செங்கேணி வந்து கட்டிலோரம் நின்றார். பத்து நாளாக அவர் இந்தப் பக்கம் வரவில்லை. முனிரத்தினத்தின் கழுத்தெலும்புகளைப் பார்த்துவிட்டு, பார்வையை டிவிக்குத் திருப்பிக்கொண்டார். ஆக்சிஜன் மெஷின் மட்டும் இரைந்தது.

"நீ மேல நிப்ப மச்சான்," என்றார் முனிரத்தினம். "கீழ மெஷின்காரன் எவ்ளோ தண்ணி ஊத்தறான்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"எனக்குத் தெரியுது பாரு."

செங்கேணி திரைக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தார். தலையை ஆட்டினார். "இந்தக் கேமராவுல பாத்ரூம் மூலை தெரியல. கொஞ்சம் இடது பக்கம் திருப்பணும்," என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தார். சோபியா பின்னால் போய்ச் சேர்வதற்குள் சிட்டம்மாள் வீட்டு மாடியில் ஏறி, அவரே அதைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

சர்ச்சிலிருந்து சபை ஐயர் வந்து சின்னதாக ஒரு ஜெபம் செய்தார். சோபியாவின் அம்மா அம்முலு முதல் பாண்டுச் சட்டிக் கலவையைத் தன் கையால் கொட்டினாள். ஏழரைக்கு மெஷின் சுற்ற ஆரம்பித்தது.

அதன்பிறகு அந்த வீட்டில் ஆஸ்பத்திரி வாடை போய்விட்டதுபோல் இருந்தது. முனிரத்தினம் மாத்திரையைக்கூடக் கொடுத்த மாத்திரத்தில் விழுங்கினார். கண் திரையைவிட்டு அகலவில்லை. சித்தாள்கள் ஏணியில் வரிசையாக நின்று பாண்டுகளைக் கைமாற்றுவதையும், வைப்ரேட்டர் உள்ளே இறங்கியதும் கலவை நெளிந்து அடங்குவதையும், மட்டப்பலகை இழுபடுவதையும் வாய்க்குள்ளேயே ஏதோ சொல்லிக்கொண்டு பார்த்தார். ஒன்பது மணிக்கு சோபியாவைத் தொட்டு, போன் போடு என்று சைகை செய்தார். அவள் செங்கேணிக்குப் போட்டு, ஸ்பீக்கரில் அவர் வாயருகே பிடித்தாள்.

"மெஷின்காரன் ஒரு பக்கெட்டு ஜாஸ்தி ஊத்தறான். மூணாவது தடவ."

திரையில் செங்கேணி தளத்தின் விளிம்புக்குப் போய்க் கீழே குனிந்து கத்துவது தெரிந்தது. மெஷின்காரன் பக்கெட்டைக் கீழே வைத்தான். செங்கேணி திரும்பி கேமராவைப் பார்த்துக் கையைத் தூக்கிக் காட்டினார். அதன்பின் போன் தேவைப்படவில்லை. ஒவ்வொரு அறைக்கான பகுதி முடிந்ததும் அவரே ரசமட்டத்தைத் தூக்கிக் கேமரா முன்னால் பிடித்துவிட்டு வைத்தார். அந்தத் தூரத்தில் குமிழி தெரியாது. முனிரத்தினம் ஒவ்வொரு தடவையும் "சரி" என்றார்.

இரண்டரைக்குக் கடைசிப் பாண்டு ஏறியது. வேப்பமரத்தடியில் மெஷினைத் தள்ளிவிட்டுப் பாய் விரித்தார்கள். அம்முலு காலையிலிருந்து செய்த பிரியாணி அண்டாவைத் திறந்தாள்.

"நீயும் போ," என்றார் முனிரத்தினம். "மேல ஏறி நில்லு. உன்ன அதுல பாக்கணும்."

"நீ தனியா கீறியே."

"டிவி கீதுல்ல."

அவள் போனாள். ஏணியில் ஏறி, ஓரத்தில் போட்டிருந்த பலகையில் நின்றாள். இன்னும் இறுகாத பச்சைத் தளம் ஈர மினுமினுப்போடு அவள் காலடியிலிருந்து மறுகோடி வரை கிடந்தது. போன் அடித்தது. அவர் தானே போட்டிருந்தார்.

"இந்தாண்ட வா கொஞ்சம். வெளிச்சத்துல நில்லு."

நகர்ந்து நின்றாள்.

"வாட்டம் எந்தப் பக்கம் வெச்சிகீறான்?"

"கெழக்க நைனா. மழத்தண்ணி பூரா வேப்பமரத்தாண்ட எறங்கும்."

"சரி. எறங்கும்போது ஏணியப் பாத்து எறங்கு."

கீழே இறங்கியதும் செங்கேணி விடவில்லை. நின்றபடியே இரண்டு வாய் தின்றுவிட்டுப் போ என்று இலையைக் கையில் கொடுத்தார். நைனாவுக்கு ஒரு கரண்டி குழம்பைக் கிண்ணத்தில் வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்தாள்.

முனிரத்தினம் டிவியின் பக்கம் தலை சாய்த்துப் படுத்திருந்தார். போன் மார்மேல் இருந்தது. வலது கை மவுசின்மேல் இருந்தது. மாடிக் கேமராவின் படம் திரை முழுக்க நின்றது. தூங்குகிறார் என்று நினைத்து, கட்டிலோரம் உட்கார்ந்து, செங்கேணி மாமா தின்ன வைத்த கதையைச் சொன்னாள். சொல்லி முடித்தபிறகுதான் ஆக்சிஜன் மெஷின் இரைவது மட்டும் தனியாகக் கேட்டது.

மூக்கருகே கை வைத்துப் பார்த்தாள். குழாயிலிருந்து வந்த காற்றுதான் கையில் பட்டது. அதை மெதுவாகக் கழற்றினாள். மெஷினை நிறுத்தினாள். ஒரு மாதமாக இரவும் பகலும் இருந்த சத்தம் போய், தெருவில் ஒரு கோழி கேறுவது கேட்டது.

எழுந்து அம்மாவைக் கூப்பிடப் போனவள், கதவருகே போய்த் திரும்பினாள். அவர் விரலுக்கடியிலிருந்து மவுசை எடுத்து இரண்டு தட்டுத் தட்டினாள். வேப்பமரத்தடி தெரிந்தது. பதினெட்டுப் பேர் வரிசையாக உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தார்கள். அம்முலு முந்தானையைச் செருகிக்கொண்டு, அன்னக்கூடையோடு குனிந்து குனிந்து போய்க்கொண்டிருந்தாள். ஒரு சித்தாள் போதும் என்று இலையை மறைக்க, அம்முலு அவள் கையை விலக்கிப் போட்டுவிட்டுச் சிரித்தாள். சத்தமில்லாத சிரிப்பு. இந்த ஒரு மாதத்தில் அம்மா சிரித்து சோபியா பார்க்கவில்லை.

அவள் மறுபடி கட்டிலில் உட்கார்ந்தாள். நைனாவின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இன்னும் சூடு இருந்தது. கடைசி ஆள் எழுந்து கை கழுவுகிற வரைக்கும், அம்மா அண்டாவைச் சாய்த்துப் பார்த்துத் தனக்கு ஒரு தட்டில் போட்டுக்கொண்டு தின்று முடிக்கிற வரைக்கும் அப்படியே இருந்தாள். பிறகு போய்ச் சொன்னாள்.

சாயங்காலம் வாசலில் பந்தல் போட்டார்கள். ஐஸ்பெட்டி வந்தது. பேனர் கடைக்காரன் நேரம் கேட்கிறான் என்று வசந்த்குமார் வந்து நின்றான். 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்பதற்கு மேலே நேரம் போட வேண்டும். சோபியா உள்ளே போய் ரெக்கார்டரில் பிளேபேக்கைத் திறந்தாள். இன்றைய தேதி, முதல் கேமரா. கோட்டை நகர்த்திக்கொண்டே போனாள். பலகையில் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்ற தன்னைக் கண்டாள். வெளிச்சத்துக்காக நகர்ந்தாள். இரண்டு முப்பத்தெட்டு. அவர் பார்த்ததெல்லாம் அதில் இருந்தது.

"ரெண்டே முக்கால்னு போடச் சொல்லு," என்றாள்.

மறுநாள் விடிந்தபோது வாசலில் உறவுக்காரர்கள் நாற்காலிகளில் சாய்ந்திருந்தார்கள். சோபியா டிவியை அணைக்கலாம் என்று உள்ளே போனாள். திரையில், தளத்தின்மேல் யாரோ குனிந்திருந்தார்கள். செங்கேணி. வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தளத்தைச் சுற்றியும் குறுக்கேயும் சிமெண்டுக் கலவையால் விரல் உயர வரப்பு கட்டிக்கொண்டிருந்தார். இந்த வெயிலில் இன்றைக்குத் தண்ணீர் கட்டாமல் விட்டால் தளம் வெடித்துவிடும். எப்போது வந்தார் என்று யாருக்கும் தெரியாது.

அம்முலு வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. கட்டிலில் உட்கார்ந்திருந்த சோபியா நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"அம்மா," என்றாள். "நேத்து நான் வந்து சொன்னேனே, அதுக்கு அர மணி நேரம் முன்னாடியே..."

அம்முலு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் அப்ப பந்தில இருந்தனா?"

"ஆமா."

"எல்லாம் துன்னு முடிக்கட்டும்னு இருந்தியா?"

"ஆமாம்மா."

அம்முலு மகளின் தலையில் கையை வைத்தாள். எடுக்கவில்லை.

செங்கேணி தண்ணீர்க் குழாயைத் தூக்கிவந்து முதல் பாத்தியில் போட்டார். தண்ணீர் சாம்பல் நிறத்தில் மெல்லப் பரவி, நிறைந்து, அடுத்த பாத்திக்குப் போனது. அவர் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார். ஒரு மைனா வந்து இறங்கி, சுற்றிப் பார்த்துவிட்டு, தண்ணீரில் இறக்கையை அடித்துக் குளித்தது.

"எனக்குக் கண்ணு சரியாத் தெரியல," என்றாள் அம்முலு. "தண்ணி நிக்குதா?"

"நிக்குதும்மா."