குளிர்ந்த வீட்டுக்கு மூன்று புள்ளி

மேற்கோட்டின் பித்தானைக் கழற்றப் போன பிலோமினம்மா கையை நிறுத்திக்கொண்டாள். வீட்டுக்குள்ளும் குளிராகத்தான் இருந்தது. பெப்ரவரி மாதம், கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடி. சுவரோரத்து ஹீட்டரைத் தொட்டால் கை சுட்டது, ஆனால் பேசினால் வாயிலிருந்து ஆவி வந்தது. தரையெல்லாம் பிளீச் போட்டுக் கழுவிய மணம். அங்கே குடியிருக்கும் செலெஸ்தின், கொங்கோவிலிருந்து வந்தவள், ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்பவள், கைகளைக் கட்டிக்கொண்டு சிரிக்க முயன்றபடி நின்றாள். உள்ளறையில் ஒரு குழந்தை இருமிக்கொண்டிருந்தது.

பிலோமினம்மாவும் அருளம்பலமும் தங்கள் கூட்டுறவுக் குடியிருப்பின் தெரிவுக்குழுவிலிருந்து வந்திருந்தார்கள். வருமானத்துக்கேற்ற வாடகை வாங்கும் வீடுகள் அவை. பதினான்காம் இலக்க வீடு காலியாகியிருந்தது, கடைசிச் சுற்றுக்கு இரண்டு குடும்பங்கள் தேறியிருந்தன. ஒவ்வொருவரும் தங்கள் தங்கள் ஆட்களையே உள்ளே கொண்டுவருகிறார்கள் என்று முறைப்பாடு எழுந்த பிறகு, விண்ணப்பங்களில் பெயரும் பிறந்த நாடும் மறைக்கப்பட்டு எண் மட்டுமே இருக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் வீடு பார்க்கப் போகும் பழைய வழக்கத்தை மட்டும் யாரும் விடவில்லை, கதவைத் தட்டினால் எண்ணுக்கு முகம் முளைத்துவிடும். ஏழாம் எண்ணுக்கு நேற்று முளைத்த முகம் பேரின்பநாதன். அருளம்பலத்தின் ஊர்க்காரர். புறநகரான பியர்பொன்ட்ஸில் தமையன் வீட்டுக் கீழ்த்தளத்தில் மனைவியோடு கதகதப்பாக இருந்தார், தேத்தண்ணியும் வடையும் தந்தார். பதினொன்றாம் எண் இந்த செலெஸ்தின். மூன்று பிள்ளைகள், இரண்டே அறைகள், குளியலறைக் கூரை முழுக்கப் பூஞ்சணம்.

அருளம்பலம் படிவத்தில் ‘வீட்டைப் பராமரிக்கும் முறை’ என்ற இடத்தில் பத்துக்கு மூன்று போட்டார். அது அப்படியே போனால் வீடு பேரின்பநாதனுக்குத்தான்.

"பிள்ளையளை வைச்சுக்கொண்டு ஆரும் இந்தக் குளிருக்குள்ளை இருப்பினமே, பிலோமினா?" என்றார் தமிழில், தாழ்ந்த குரலில். "நாளைக்கு எங்கட கட்டடத்திலை தண்ணிக்குழாய் உறைஞ்சு வெடிச்சா ஆர் பாக்கிறது?"

சொன்னதில் பிழையில்லை என்றுதான் அவளுக்கும் பட்டது. ஆனால் பல்கனிக் கண்ணாடிக் கதவுக்கு அப்பால், பனிக்குள், துவாய்த் துணியால் மூடிய ஒரு பானை இருந்ததை அவள் கண்டுவிட்டாள்.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு அவளும் கணவன் விமலநாதனும் வீடு தேடி இந்தத் தெருக்களில் நடக்காத நடையில்லை. தொலைபேசியில் வீடு காலி என்பார்கள், வாசலில் இவர்கள் நிறத்தைக் கண்டதும் இப்போதுதான் போய்விட்டது என்பார்கள். கடைசியில் ஒரு கூட்டுறவுக் குழு வீடு பார்க்க வருவதாக அறிவித்தபோது, கறி மணந்தால் கதை முடிந்தது என்று யாரோ சொல்லி வைத்தார்கள். இருவரும் யன்னல்களை எல்லாம் இரண்டு மணி நேரம் திறந்துபோட்டு, கருவாட்டுக் குழம்பைச் சட்டியோடு பல்கனியில் வைத்தார்கள். வந்தவர்கள் கோட்டைக் கழற்றாமலே இருந்துவிட்டுப் போனார்கள். வீட்டைச் சூடாக வைத்திருக்கத் தெரியாதவர்கள் என்று பதில் வந்தது. அடுத்த வீடு கிடைக்க இரண்டு வருடம் பிடித்தது.

அவளுக்கு இப்போது கோபம் வரவில்லை, ஏக்கம்தான் வந்தது. அவர்கள் போனதும் விமலநாதன் சட்டியை உள்ளே தூக்கி வந்தான். குழம்பு கல்லாகியிருந்தது. கம்பளித் தொப்பியைக் கழற்றாமலே அதைக் கத்தியால் கேக் மாதிரி வெட்டி, முதல் துண்டை அவளுக்கு ஊட்டினான். இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். அவன் கண்மூடி ஐந்து வருடமாகிறது. அந்த விறைத்த மத்தியானம் ஒருமுறை திரும்பக் கிடைக்குமென்றால் இன்றைக்கிருக்கும் வீட்டையே கொடுத்துவிடலாம் போலிருந்தது.

"அண்ணை, இது ஹீட்டர் போடாத குளிரில்லை," என்றாள். "நாங்கள் வாறமெண்டு யன்னலைத் திறந்து வைச்ச குளிர். அங்கை பானை கிடக்குது பாருங்கோ. நானும் இப்பிடிச் செய்துதான் முதல் வீட்டைத் தவறவிட்டனான்."

வெட்கத்தில் இதை அவள் யாருக்கும் சொன்னதில்லை. அருளம்பலம் கண்ணாடிக் கதவருகே போய்ப் பானையைப் பார்த்தார்.

"நாங்கள் கார் டிக்கியிலை வைச்சனாங்கள்," என்றார் பிறகு. "கணவாய்க்கறி. பனி கரைஞ்ச பிறகும் காருக்குள்ளை இருக்கேலாது."

அவர் சிரிக்கவில்லை. மூன்றைத் திருத்தப் பேனையையும் எடுக்கவில்லை.

இருவரும் பார்த்த திசையைப் பார்த்த செலெஸ்தினின் முகம் செத்துவிட்டது. பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினாள். பிலோமினம்மா தான் துப்புரவு வேலையில் படித்த பிரெஞ்சில், காலையிலிருந்து சாப்பிடவில்லை, அதைச் சூடாக்கித் தர முடியுமா என்று கேட்டாள். இதுவும் ஒரு பரீட்சையோ என்று செலெஸ்தின் சற்றுத் தயங்கினாள். பிறகு கதவைத் திறந்து, பனியில் ஒட்டிக் கிடந்த பானையை இழுத்துப் பெயர்த்து வந்து அடுப்பில் வைத்தாள். விளிம்பில் ஐஸ் இளகியது. புகையில் வாட்டிய மீனும் நிலக்கடலையும் மெல்ல மணக்கத் தொடங்கின.

மணம் எழுந்ததும் செலெஸ்தின் யன்னலைத் திறக்க ஓடினாள். பிலோமினம்மா அதற்கு முன்பே போய் யன்னல் கைபிடியை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையின் மேல் செலெஸ்தினின் ஈரக்கை வந்து விழுந்தது. இருவரும் அப்படியே நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால், மேசையில் மூன்று என்ற எண்ணோடு படிவம் கிடக்க, அருளம்பலம் கோட்டின் பித்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தார்.